மாற்றுத்திறன் பற்றிக் கவிதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எழுதப்படும் முதல் கவிதைகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று "ஐயோ பாவம்", மற்றொன்று "அடடா, என்ன சாதனை". இரண்டிலும் ஆள் இருக்க மாட்டார். எழுதியவரின் இரக்கமோ வியப்போதான் இருக்கும். இந்த இரண்டையும் விட்டு விலகி எழுத நினைப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. ஏற்கெனவே எழுதிய வரைவு ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. படிக்கப் படிக்கத் திருத்திக்கொண்டே வரலாம்.

1. பேசுவது யார்?

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் குரலை முடிவு செய்யுங்கள். அது உங்கள் உடலா, உங்கள் வீட்டில் இருப்பவரின் உடலா, நீங்கள் வெளியாளா? இதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் உடல் என்றால் "நான்" என்று தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பொறுமைசாலியாக, நல்ல பிள்ளையாகத் தோன்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. பார்வை போன சுந்தரர், தேவாரம் பாடியவர், திருவாரூர்ப் பெருமானிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. "வாழ்ந்து போதீரே" என்கிறார். 'நீர் நல்லா இரும் ஐயா' என்ற வசவு அது. கோபம், கேலி, அலுப்பு எல்லாமே கவிதைக்குச் செல்லும் சரக்குதான்.

வீட்டில் உடனிருப்பவர், குறிப்பாகப் பெற்றோர், இன்னொன்றை யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு 20 வயதாகும்போது இந்தக் கவிதையை அவரே படிப்பார், அல்லது யாராவது படித்துக்காட்டுவார்கள். குளியல், கழிவறை, வலிப்பு வந்த வேளை, உண்மைப் பெயர், பள்ளியின் பெயர் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு கவிதையில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது பிள்ளையின் அந்தரங்கத்தை மட்டுமே நம்பி நின்ற கவிதை. உங்கள் தூக்கம், உங்கள் முதுகுவலி, மருத்துவமனை வரிசையில் நீங்கள் நின்ற நேரம் இவை உங்களுடையவை. அங்கிருந்து எழுதுங்கள்.

வெளியாள் என்றால் முதல் கவிதையிலேயே "நான் பார்வையற்றவள்" என்று தொடங்காதீர்கள். அரை மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்து எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. அதில் கிடைப்பது திடீரென்று பார்வை போனவரின் பீதி மட்டும்தான். பல ஆண்டுகள் பழகிய கையின் திறமை அந்த அரை மணியில் வராது. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். நீங்கள் முறைத்துப் பார்த்ததையும், உதவிக்கு நீட்டிய கை அந்தரத்தில் நின்றதையும் சேர்த்து. வெளியாளால் நேர்மையாக எழுதக்கூடிய பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

2. எந்தச் சொல்?

பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஆனாலும் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும்.

பொதுச்சொல்லாக இன்று அரசு ஏடுகளிலும் செய்தியிலும் வழங்குவது மாற்றுத்திறனாளி. "ஊனமுற்றோர்" பின்னுக்குப் போய்விட்டது. புதிய சொல்லைப் பெருமையோடு ஏற்பவர்கள் உண்டு. 'எனக்கு மாற்றாக ஒரு திறனும் இல்லை, கால் நடக்காது, அவ்வளவுதான்' என்று அதைத் தள்ளுபவர்களும் உண்டு. குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதுவே சரியான சொல். கேட்டுவிடுங்கள்.

மரபில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மாற்றுத்திறனாளி ஒரே சீரில் அடங்காது, ஐந்து அசை. மாற்றுத் / திறனாளி என்று பிரித்தால் தேமா, புளிமாங்காய். மா முன் நிரை வருவதால் வெண்பாவில் தளை தட்டாமல் உட்காரும். புதுக்கவிதையில்தான் இந்தச் சொல்லுக்குச் சிக்கல்: அரசாணை வாடை அடிக்கும். வகைப்பெயரே இல்லாமல் எழுத முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கையில் இருப்பது வெள்ளைக் கோல் என்று சொல்லிவிட்டால் "பார்வையற்றவர்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தனித்தனியாகப் பார்த்தால், பார்வையற்றவரும் குறைபார்வை உள்ளவரும் ஒன்றல்ல. பார்வையற்றவர் என்று சொல்லப்படுபவர்களிலேயே பலருக்கு வெளிச்சமோ நிழலோ உருவமோ ஓரளவு தெரியும். "காரிருளில் வாழ்கிறாள்" என்ற வரி பெரும்பாலும் தகவல் பிழை. காது கேளாதவரை "ஊமை" என்பதும் பிழைதான். அவருக்குக் குரல் இருக்கிறது, சைகைமொழி தெரிந்தவர் என்றால் முழு இலக்கணத்தோடு ஒரு மொழியும் இருக்கிறது. "மனவளர்ச்சி குன்றியவர்" என்பதற்குப் பதிலாக இன்று அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்கிறோம். இதையும் மனநோயையும் ஒன்றாகக் குழப்புவதுதான் வரைவுகளில் அதிகம் காணும் தவறு. மூளை முடக்குவாதம் என்ற பெயரில் மூளை இருப்பதால் அறிவும் குறைவு என்று எழுதிவிடுகிறார்கள். அது அசைவையும் தசைகளின் கட்டுப்பாட்டையும் பாதிப்பது. பேச்சு குழறும் ஒருவர் உங்களைவிடக் கூர்மையாக யோசிப்பவராக இருக்கலாம். தொழுநோய் குணமாகிவிட்டால் அவர் தொழுநோயாளி அல்ல. "குஷ்டரோகி" எந்த நிலையிலும் வேண்டாம்.

எதிர்ப்பக்கச் சொல்லையும் கவனியுங்கள். "சாதாரண மனிதர்கள்", "நார்மலானவர்கள்" என்று எழுதினால் மற்றவர்கள் அசாதாரணம் ஆகிவிடுகிறார்கள். பார்வையுள்ளவர், காது கேட்பவர், நடப்பவர் என்று நேராகச் சொல்லலாம்.

வினைச்சொல்லில் இன்னும் கண்ணி இருக்கிறது. "சக்கர நாற்காலியில் முடங்கிப்போன" என்று எழுதுகிறோம். முடங்குவது நாற்காலி இல்லாதபோதுதான். நாற்காலியில் வருகிறார், திரும்புகிறார், கதவை முட்டித் திறக்கிறார். "அவதிப்படும்", "பீடிக்கப்பட்ட", "பலியான" மூன்றையும் அடித்துவிட்டு "உள்ள" போட்டுப் பாருங்கள். வரி அநேகமாக நேராகிவிடும்.

பட்டியல்களில் வராத ஒன்று விகுதி. 45 வயது ஆசிரியரை "அவர் வந்தார்" என்று எழுதும் அதே கை, 45 வயதுப் பார்வையற்றவரை "அவன் வந்தான்" என்றும், கூடவே ஒரு "பாவம்" சேர்த்தும் எழுதும். அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர் என்றால் "அது" என்றுகூட ஆகிவிடும். சொல்லை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுக்கும். வரைவில் உள்ள எல்லா வினைமுற்றையும் அடிக்கோடிட்டு, அதே வயதுள்ள மற்றவருக்கும் இதே விகுதியைப் போடுவேனா என்று பார்த்துவிடுங்கள்.

குருடி, நொண்டி, செவிடு போன்றவை யார் வாயில் வருகின்றன என்பதுதான் கேள்வி. பாத்திரம் பேசினால் பேசுபவர் யாரென்று வாசகருக்குத் தெரிய வேண்டும். கவிதைசொல்லி பொதுவாகச் சொன்னால் நீக்குங்கள். தன் உடலைத் தானே சொல்வது தனி உரிமை. சுந்தரரும் "கொத்தை ஆக்கினீர்", அதாவது குருடாக்கினீர், என்று தன்னைத்தான் சொல்கிறார். அப்படி எழுதுவதானால், பேசுவது நீங்கள்தான் என்பது முதல் சில வரிக்குள் விளங்கிவிட வேண்டும்.

3. "ஆலும்" தேடல்

வரைவில் "ஆலும்" என்று முடியும் சொற்களைத் தேடுங்கள். இல்லாவிட்டாலும், தெரியாவிட்டாலும், நடக்க முடியாமல் போனாலும். இந்தத் தலைப்பில் எழுதப்படும் கவிதைகளைக் கெடுப்பதில் இந்த உருபுக்குத்தான் முதலிடம். ஒரு மாதிரி வரைவு:

கண்ணில் ஒளி இல்லாவிட்டாலும்
நெஞ்சில் ஒளி ஏந்தி நடக்கிறாள்
இருட்டை வென்ற தேவதை

மூன்று வரியில் நான்கு சிக்கல். "இல்லாவிட்டாலும்" வந்தவுடனே, நடப்பது என்ற சாதாரண வேலை சாகசமாகிவிடுகிறது. கண்ணில் போனது நெஞ்சில் வந்தே ஆக வேண்டும் என்ற ஈடுகட்டல் இரண்டாவது. இருட்டு, மேலே சொன்ன தகவல் பிழை. தேவதை என்றதும் ஆள் தரையிலேயே இல்லை. இப்போது "ஆலும்" இல்லாமல், அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து எழுதியது:

கோல் இடப்புறம் தட்டுகிறது
வலக்கால் முன்னே போகிறது
கோல் வலப்புறம்
இடக்கால்
பாதையில் நிறுத்திய வண்டியின் சக்கரம்
கோலுக்குத் தெரிகிறது
"பார்த்துப் போம்மா" என்கிறது
வண்டியின்மேல் சாய்ந்திருக்கும் குரல்
பார்த்துத்தான் போகிறார்

பெரிய கவிதை அல்ல. ஆனால் இதில் ஒரு முறை இருக்கிறது. கோல் ஒருபுறம் தட்டும்போது மறுபுறத்துக் கால் முன்னே போகும். அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. கோல் நடைப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இது தெரியாதவர்கள் "தட்டித் தடவி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கோலுக்கு எட்டாததும் உண்டு: தலைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. அது நேராக நெற்றியில்தான் இடிக்கும். வழியை அடைத்தது யார் என்பதும் கவிதைக்குள் வந்துவிட்டதைக் கவனியுங்கள். யாரையும் திட்டவில்லை. வண்டியைப் பாதையில் நிறுத்தினோம், அவ்வளவுதான்.

4. கருவிகளின் சொற்கள்

உணர்ச்சிச் சொற்களைக் குறைத்துக் கருவியின் சொற்களைக் கூட்டினால் கவிதை தானே எழுந்து நிற்கும். இதற்குக் கேட்டறிய வேண்டும். கீழே உள்ளவை தொடங்குவதற்கான கைச்சரக்கு.

ஊன்றுகட்டை: எடையைத் தாங்குவது அக்குள் அல்ல, உள்ளங்கை. அக்குளுக்கும் கட்டையின் மேல்பகுதிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். படி ஏறும்போது பலமான கால் முதலில். இறங்கும்போது கட்டையும் பலவீனமான காலும் முதலில். கட்டையின் ரப்பர் நுனி தேய்ந்திருந்தால் ஈரத் தரை எதிரி. "கட்டை அக்குளைக் கட்டியணைத்தது" என்று அழகாக எழுதிவிட்டு, பயன்படுத்துபவரிடம் சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

செயற்கைக் கால்: காலையில் சரியாகப் பொருந்தியது மாலைக்குள் தளரும். எஞ்சிய காலின் பருமன் நாளுக்குள்ளேயே சுருங்குவதுதான் காரணம். நடுவில் கழற்றி இன்னொரு காலுறையைச் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். இல்லாத பாதத்தில் அரிக்கும், வலிக்கும். இதைக் "கற்பனை வலி" என்று எழுதாதீர்கள், வலி நிஜம்.

காதுக் கருவி: வேண்டிய குரலை மட்டும் எடுத்துக் கொடுக்காது. தட்டு விழும் ஓசையையும் சேர்த்தே பெரிதாக்கும். காதில் சரியாகப் பொருந்தாவிட்டாலோ கை மிக அருகில் வந்தாலோ கீச்சென்று ஊளையிடும். யாராவது கட்டி அணைத்தாலும் அப்படித்தான். கவிதைக்கு அந்த ஒரு தகவல் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

உதட்டைப் படிப்பது: சினிமாவில் காட்டுவதுபோல எல்லாம் தெரியாது. பகரமும் மகரமும் இரண்டு உதடும் ஒட்டிப் பிறப்பதால் பார்வைக்கு ஒன்றே. பணம், மணம், படம், மடம், பாலை, மாலை. ககரமோ வாய்க்குள்ளேயே நடந்து முடிகிறது. பேசுபவர் தலை குனிந்தாலும் வாயைக் கையால் மறைத்தாலும் வாக்கியம் போச்சு. யாப்பில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த இணைகளை எழுதிவைத்துக்கொள்ளலாம். காதுக்கு முதலெழுத்து மட்டும் மாறும் சொற்கள் கண்ணுக்கு ஒரே சொல்லாக நிற்கின்றன.

சக்கர நாற்காலி: சரிவுப்பாதைக்கு வழக்கமான அளவு 1:12. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அங்குலம். அதற்குச் சரிவு 18 அடி வேண்டும். நடப்பவர் மூன்று எட்டில் முடிப்பதற்கு இவ்வளவு. படிக்கு மூன்று குறுகிய வரி, சரிவுக்கு நீண்டுகொண்டே போகும் ஒரே வரி என்று வடிவத்திலேயே செய்து காட்டலாம். 1970களில் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளே நடத்திய இயக்கம் எழுப்பிய வாதமும் இதுதான்: உடலில் இருப்பது குறைபாடு, ஆளை முடக்குவது படிக்கட்டு. அதைக் கவிதைக்குள் கோட்பாடாகப் பேச வேண்டாம். படியின் உயரத்தைச் சொன்னால் போதும்.

திக்குவாய்: "த...த...தமிழ்" என்று அச்சடிப்பதுதான் கேலிக்காரர்களின் வழி. திக்கல் ஒரே மாதிரி வராது. எழுத்து திரும்பத் திரும்ப வருவது, ஒலி இழுபடுவது, ஒலியே வராமல் அடைத்து நிற்பது என்று மூன்றுண்டு. மூன்றாவதை வெற்றிடத்தால் காட்டலாம். எதிரில் இருப்பவர் அந்த வெற்றிடத்தில் குறுக்கிட்டு வாக்கியத்தை முடித்துவைப்பார். அது வேறு சொல்லாக இருக்கும். நாடகம் அங்கே இருக்கிறது.

வெளியே தெரியாதவை, அதாவது நாள்பட்ட வலி, சோர்வு, மனநலச் சிக்கல் ஆகியவற்றுக்குக் கருவி இல்லை. அங்கே நேரத்தை எழுதுங்கள்: குளித்தபின் எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கிறது, இன்று சந்தைக்குப் போனால் நாளை எதைக் கைவிட வேண்டும்.

5. உவமைக்கு உடலைக் கடன் வாங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். உடல் கவிதையின் பொருளாக வரலாம். இன்னொன்றைத் திட்டுவதற்கான உவமையாக வந்தால் கவிதை கெடுகிறது.

பழக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சிதடு (குருடு), பிண்டம் (உருவற்ற தசைத்திரள்), கூன், குறள் (குள்ளம்), ஊம் (ஊமை), செவிடு, மா (விலங்குபோன்ற பிறப்பு), மருள் (மயக்கம்) என்று எண்பேர் எச்சத்தை, அதாவது எட்டுக் குறைப்பிறப்பை, அடுக்குகிறார். பாட்டின் நோக்கம் அவர்களல்ல. அரசனுக்கு அறம், பொருள், இன்பம் சொல்ல வேண்டும்; பயனற்ற பிறப்புக்கு எடுத்துக்காட்டாக அந்த எட்டுப் பேரும் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். இன்றைய கவிதையிலும் அரசு குருடாகிறது, நீதி செவிடாகிறது, மக்கள் ஊமையாகிறார்கள். வேலை அதேதான்.

மாற்றுவது எளிது, சோம்பல் வேண்டாம். குருட்டு நம்பிக்கை: கேள்வி கேட்காத நம்பிக்கை. நொண்டிச் சாக்கு: சப்பைக்கட்டு. செவிடன் காதில் ஊதிய சங்கு: மனுவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்ட அதிகாரி என்று காட்சியாகவே எழுதுங்கள். முடவன் கொம்புத் தேன், ஊமை கண்ட கனவு, யானை பார்த்த பார்வையற்றவர்கள் மூன்றுக்கும் நீண்ட ஓய்வு கொடுக்கலாம். ஊமைக்காயம் போல உவமை உணர்வே செத்துப்போன சொற்களைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து, மறுப்பவர்களும் உண்டு.

எதிர் உதாரணமும் பழைய பாட்டிலேயே இருக்கிறது. திருவொற்றியூர்ப் பதிகத்தில் சுந்தரர் "ஒருவன் கோல்பற்றிக் கறகற இழுக்கை" என்கிறார். வழிகாட்டுகிறேன் என்று ஒருவர் கோலின் மறுமுனையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போவது. இன்றும் பார்வையற்றவர்கள் சொல்லும் புகார் இதுதான்: கோலைப் பிடிக்காதே, கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் "கறகற"வில் ஓசை, எரிச்சல், அவமானம் மூன்றும் இருக்கின்றன. பார்வையின்மை அங்கே வேறு எதற்கும் குறியீடு அல்ல.

6. முடிவும் வடிவமும்

நொண்டி நாடகம் என்று தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகையே இருந்தது. கள்வனுக்குத் தண்டனையாகக் கால் வெட்டப்படும், கடைசியில் இறையருளால் கால் வளரும். தண்டனையாக வந்தது, மன்னிப்பாகப் போனது. இந்த அச்சு இன்றைய கவிதையிலும் ஓடுகிறது: கடைசி வரியில் குணமாவது, கடைசி வரியில் இறப்பது, கடைசி வரியில் எழுதியவருக்கு வாழ்க்கைப் பாடம் கிடைப்பது. கடைசி இரண்டு வரியை வெட்டிப் பாருங்கள். பல வரைவுகள் அங்கேயே சரியாகிவிடும். ஆனால் அந்த நாடகங்களின் யாப்பான நொண்டிச்சிந்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாரதியின் "நெஞ்சு பொறுக்குதில்லையே" அந்தச் சந்தத்தில்தான் ஓடுகிறது. பெயருக்காக நல்ல சந்தத்தைத் தள்ளுவது நட்டம்.

7. காட்டுவதும் வெளியிடுவதும்

அந்த அனுபவம் உள்ள இருவரிடமாவது காட்டுங்கள். ஒருவர் சரி என்றால் அது அவர் கருத்து மட்டும்தான். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். எந்த வரியில் நின்றீர்கள், எது நடைமுறையில் நடக்காது, எந்தச் சொல்லை நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று கேளுங்கள். நேரம் எடுத்து வாசிப்பவருக்குச் சன்மானம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

வெளியிடும்போது பலர் செய்யும் தவறு, கவிதையை அழகான படமாக்கிப் போடுவது. பார்வையற்றவர்களைப் பற்றிய கவிதை, பார்வையற்றவர்களால் படிக்க முடியாத வடிவில். எழுத்தாகவே போடுங்கள். படம் வேண்டுமென்றால் மாற்று உரையில் (படத்தோடு இணைக்கும் விளக்க எழுத்தில்) முழுக் கவிதையையும் தட்டச்சு செய்யுங்கள். "கவிதைப் படம்" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. யூனிகோடு எழுத்துரு கட்டாயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் செயலி, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும். சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு அ ம் மா என்று அடித்தால் மூன்று துண்டாக வாசிக்கும். புள்ளி வரிசைகளை அது "புள்ளி புள்ளி புள்ளி" என்றுகூட உச்சரிக்கக்கூடும். வரி முடிவில் நிறுத்தக்குறி இல்லையென்றால் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானில் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

மேடையில் வாசிப்பதானால் சைகைமொழி பெயர்ப்பாளருக்குப் பிரதியைச் சில நாட்கள் முன்பே கொடுங்கள். சிலேடையைப் பார்த்த கணத்தில் யாராலும் பெயர்க்க முடியாது. சைகைமொழிக்கென்றே கவிதை மரபு உண்டு. அங்கே ஒரே கைவடிவம் திரும்பத் திரும்ப வருவதுதான் எதுகை. அரங்கத்துக்குச் சரிவுப்பாதை இருக்கிறதா என்று கேட்பவர்கள் மேடைக்கு இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். கேட்க வருபவர்களில்தான் மாற்றுத்திறனாளிகள் இருப்பார்கள், கவிஞர்களில் இருக்கமாட்டார்கள் என்ற நினைப்பு அதில் ஒளிந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் வாசிக்கப்போகிறார் என்றால் ஒலிவாங்கித் தண்டின் உயரத்தை அவர் மேடைக்கு வருமுன்பே இறக்கி வையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அதைத் திருகிக்கொண்டிருந்தால் முதல் கவிதை யார் காதிலும் விழாது.